தன் கையால் போட்ட காய்

ஜூலை 1, சனி

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. காலையிலிருந்து மணல். ஜன்னலைப் பூட்டியும் மேசை மேல் ஒரு படலம். கல்பிட்டிப் பக்கம் பட்டம் கட்டிக் கடலில் ஓடும் வெள்ளைக்காரருக்கு நல்ல நாள்.

புதுக் கொப்பி. பழையதில் இரத்த அழுத்தமும் மழையும். இதில் மாஜோங் ஆட்டம் மட்டும் என்று தீர்மானம்.

இன்று இரண்டு ஆட்டம். இரண்டிலும் நாலாமிடம். எனவே துடைப்பு என் தலையில். கடற்காற்றுக்குக் காய்கள் பிசுபிசுக்கும். நாலாமிடம் வந்தவர் நூற்று முப்பத்தாறு காயையும் ஈரத்துணியால் துடைத்து, உலர்துணியால் ஒற்றிப் பெட்டியில் அடுக்க வேண்டும். மற்ற மூவரும் பிளேன்டீ குடித்துக்கொண்டு பார்ப்பார்கள். பந்தயம் ஹராம் என்பதால் புள்ளிக்கு மட்டுமே ஆடுகிறோம். துடைப்பது பந்தயத்தில் சேராதாம். ஆட்டம் நடக்கும் வீட்டுக்காரரான ஹாஜியின் தீர்ப்பு. அவரே என்னிடம்:

"நல்லா தொடைங்க நானா. முப்பத்தொரு வருசம் உப்பளத்தில உப்புத்தண்ணி அளந்த கைதானே. ஒங்களுக்கும் உப்புக்கும் இன்னம் கணக்கு முடியல்ல போல."

சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னொன்று வரும்.

பிறகு அவர் சொன்னதுதான் இரவுச் சாப்பாட்டைக் கெடுத்தது. ஜப்பானில் அவரோடு வாகன யார்டில் வேலை செய்த சுனில், சிலாபத்துக்காரர், ஆகஸ்டில் இங்கே கபானா, அதாவது சுற்றுலாக் குடில்கள், கட்ட வருகிறார். நன்றாக ஆடுவாராம். மேசைக்கு நாலு கதிரை. ஆக, ஜூலை முடிய யாருக்கு நாலாமிடம் அதிகமோ அவர் எழும்ப வேண்டும்.

"இது ஜனநாயகம்," என்றார் ஹாஜி.

ஒரு முறை எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவைக்கிறேன். என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை.

ஆட்கள்: நிஸ்தார் ஹாஜி, 58, பள்ளிவாசல்துறை, வீட்டுக்காரர், காய்ப்பெட்டி அவருடையது. பிரான்சிஸ், மீனுக்கு ஐஸ் போடும் வாடி வைத்திருப்பவர், சத்தமாக ஆடுபவர். செல்வரத்தினம், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் (இனி போ.மா.), வன்னியிலிருந்து சண்டைக்குள் வந்து எத்தாளையில் இருப்பவர், என் வயது. நான், எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன்.

ஆட்டம்: கையில் 13 காய். ஒன்று எடுத்து ஒன்று போட வேண்டும். மும்மூன்றாய் (தொடர் எண்கள் அல்லது ஒரே காய்) நாலு கூட்டம், ஒரு சோடி சேர்ந்தால் வெற்றி. மூங்கில், வட்டம், எழுத்து என்று மூன்று இனம், ஒவ்வொன்றும் 1 முதல் 9 வரை. அவை போகத் திசைக் காய்களும் நிறக் காய்களும். போட்ட காயைக் கலக்கக் கூடாது. அவரவர் முன்னால் ஆறாறாய் வரிசையாகக் கிடக்க வேண்டும், எல்லாரும் பார்க்க. ஒரே ஒரு காய்க்காகக் காத்திருப்பவர் "ரீச்சி" என்று அறிவிக்கலாம். அந்தக் காயை வேறு ஒருவர் போட்டால் "ரோன்" என்று எடுப்பார். போட்டவர் தனியே புள்ளி கொடுக்க வேண்டும்.

மூன்று மாதமாக ஆடுகிறேன். முதல் மாதத்தில் ஒரே ஒரு முறை முதலாமிடம். அதுவும் பிரான்சிஸின் கவனக்குறைவு.

மகள் வீட்டில் என் கதிரை பாதை மறைக்கிற இடத்தில் இருக்கிறது. சொல்லமாட்டார்கள். தள்ளிவைப்பார்கள். லுஹர் தொழுகைக்கும் அசர் தொழுகைக்கும் இடையில், வாரத்தில் மூன்று நாள், ஒரு மேசையில் என்னைக் காத்துக்கொண்டு மூன்று பேர். அதை இழக்க முடியாது. இந்த வயதில் இப்படி எழுத வெட்கம்தான்.

ஜூலை 3, திங்கள்

காற்று அதே. மகள் மீன் வாங்கவில்லை.

மூன்றாமிடம், நாலாமிடம்.

ஏன் தோற்கிறேன்? ஆற அமர யோசித்தது:

1. தனித்து நிற்கும் திசைக் காய்களை ஆசைப்பட்டு வைத்திருக்கிறேன். சோடி சேராதவை முதலிலேயே போக வேண்டும்.

2. நடுக்காய்க்குக் காத்திருக்கிறேன். 4, 6 வைத்துக்கொண்டு 5 வரும் என்று. ஐந்தில் நாலு காய்தான் உண்டு. 4, 5 வைத்தால் 3உம் உதவும் 6உம் உதவும், எட்டுக் காய். இரு பக்கமும் திறந்த வாசல். இது எண்கணிதம். எனக்கு வராதது வெட்கம்.

3. மற்றவர் போட்டதைப் பார்ப்பதில்லை. என் 13 காயையே பார்க்கிறேன். உப்பளத்தில் ஒரு பாத்தியை மட்டும் அளந்துவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன சொல்லியிருப்பார்கள்?

4. தாமதம். "நானா ஒரு காய் போடுறதுக்குள்ள அசர் பாங்கு செல்லிடுவாங்க" – ஹாஜி, இன்று மூன்று தடவை. மூன்றாவது தடவை பிரான்சிஸ் சிரிக்கவில்லை. கொட்டாவி விட்டார். அது இன்னும் கூடுதலாகச் சுட்டது.

ஜூலை 5, புதன்

இரண்டாமிடம்! பிறகு மூன்று.

இரு பக்க வாசல் வேலை செய்கிறது. தனித் திசைகள் முதல் நாலு முறைக்குள் போய்விட்டன. கை வசமாக இருந்தது.

முதல் ஆட்டத்தில் போ.மா. நாலாமிடம். துடைத்தார். துடைத்த காய்களைத் திரும்பவும் ஈரத்துணிப் பக்கம் வைத்தார். திரும்பத் துடைத்தார். ஹாஜி நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபது நிமிடம் கழித்து: "மாஸ்டர், இது முத்திரையில்ல. எச்சில் தொட்டு ஒட்டத் தேவையில்ல."

எல்லாரும் சிரித்தோம். போ.மா.வும்.

நான் சிரித்தது கொஞ்சம் அதிகம். அன்று துணி என் கையில் இல்லாத சந்தோசம்.

ஜூலை 8, சனி

4, 4.

காலில் வீக்கம். மாத்திரை அரை.

யாராவது ரீச்சி சொன்னதும் நான் கையைக் கலைத்துவிடுகிறேன். அதாவது என் கூட்டங்களை உடைத்து அபாயமில்லாத காயாகப் போட்டு ஒதுங்குகிறேன். இதைத்தான் பாதுகாப்பு என்று நினைத்தேன். இன்று ஒரு ரோனும் என்னிடம் எடுக்கப்படவில்லை. இருந்தும் இரண்டு நாலாமிடம். காய் கொடுக்காதவனும் மெல்ல மெல்லக் கரைகிறான்.

ஹாஜி, நான் துடைக்கும்போது, குனிந்து மெதுவாக: "நானா, ஒங்கட ஆட்டத்த நான் பாக்கிற. பயந்தவன் ரெண்டு வகை. ஒருத்தன் பயந்து ஓடுற. மத்தவன் பயந்து கடிக்கிற. நீங்க கடிச்சதே இல்ல. வாழ்க்கையில ஒருக்காலும் கடிச்சதில்ல, என்ன?"

தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரிலிருந்து இறங்கிய அன்று, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கவனமாகப் பையில் போட்டேன். மற்றவர்கள் சத்தம் போட்டார்கள். நான் பூட்டு சரியாக விழுந்ததா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

திருத்தம்: ஒதுங்குவதா இல்லையா என்பதை ரீச்சி கேட்டபின் முடிவு செய்யக் கூடாது. கேட்கும்போது என் கை என்ன நிலை? ஒரு காய் குறைவு, நல்ல புள்ளி, இரு பக்க வாசல் என்றால் போ. இரண்டு காய் குறைவு என்றால் நில். நடுவில் நின்று யோசிப்பதுதான் என் நோய்.

ஜூலை 10, திங்கள்

காற்றுக் குறைவு. கடல் கலங்கல்.

3, 2. போ.மா. இரண்டிலும் நாலு.

இரண்டாவது ஆட்டத்தில் பிரான்சிஸ் வட்டம் 2 போட்டார். போ.மா. "ரோன்" என்று கையைத் திறந்தார். முகத்தில் அவ்வளவு பிரகாசம். ஆனால் போ.மா.வின் முன் வரிசையில் நாலாவதாக வட்டம் 2 கிடந்தது. அவரே போட்டது. தன் கையால் போட்ட காய்க்கு ரோன் கிடையாது. இந்த ஆட்டத்தின் கடுமையான சட்டம் இதுதான். தவறாக ரோன் சொன்னால் எட்டாயிரம் புள்ளித் தண்டம், அந்தக் கை அத்தோடு முடிவு.

"சரி, சரி, மாஸ்டர் துப்பினத திரும்ப திங்கப் பாக்கிறார்!" – பிரான்சிஸ்.

போ.மா.: "ஓ. கவனிக்கேல்லை. கண்ணாடி மாத்த வேணும்."

கண்ணாடி போன மாதம்தான் மாற்றினார். நான் கூடப் போனேன்.

கவனித்த இன்னொன்று (துண்டுக் காகிதத்தில் குறித்தது, ஆட்டத்தின்போது நான் எழுதுவதை ஹாஜி முதலில் தடுத்தார், பிறகு "எழுதட்டும், மவுத்தானா கபுறுக்க வச்சிடலாம்", செத்தால் கூடவே புதைக்கலாம், என்று விட்டுவிட்டார்): போ.மா. காய்களை எப்போதும் ஒரே ஒழுங்கில் அடுக்குகிறார். இடது எழுத்து, நடு வட்டம், வலது மூங்கில், சிறிதிலிருந்து பெரிதுக்கு. தபால் பிரித்த பழக்கம். ஆகவே எடுத்த காயை எங்கே செருகுகிறார் என்று பார்த்தால் கையில் எந்த இனம் என்று தெரிந்துவிடும்.

நண்பன் என்றால் சொல்லியிருக்க வேண்டும். அடுக்காதீர்கள், கலைத்து வையுங்கள் என்று. நாளை சொல்கிறேன் என்று நினைத்தேன்.

ஜூலை 12, புதன்

2, 4. சொல்லவில்லை.

ஜூலை 13, வியாழன்

போ.மா.வின் மனைவி பரமேஸ்வரி வந்தார். பஸ்ஸில், வெயிலில், தனியே. கையில் முருங்கைக்காய்க் கட்டு. மகள் தேநீர் கொடுத்துவிட்டு வாசல் நிலையில் நின்று கேட்டாள். உள்ளே போகச் சொன்னேன்.

"நானா, அவருக்கு மறதி கூடிப்போச்சு. புத்தளத்தில டொக்டரிட்டைக் காட்டினனான். இனிக் கூடுமாம். குறையாதாம்."

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"பொங்கலுக்குப் பிறகு. ஒரு நாள் தன்ர மூத்த தம்பி எங்க எண்டு கேட்டவர். அது 2009இல சண்டையில போன தம்பி. நான் சொன்னன். அண்டைக்குத்தான் செத்தது போல அழுதவர். இப்ப நான் சொல்லுறேல்லை. கொழும்பில எண்டு சொல்லிவிடுவன்."

பிறகு: "உங்கட விளையாட்டுக்கு வாற நாளில மட்டும் காலமை எழும்பிச் சேவ் எடுக்கிறார். சேட்டைத் தானே அயன் பண்ணி மினுக்கிறார். அந்த மூண்டு நாளும் பழைய மனுசன். ஹாஜியாருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சா விடமாட்டார். நீங்கள் பக்கத்தில இருக்கிறியள் எண்டதால எனக்கு நிம்மதி."

நான் சொன்னேன்: "சொல்லமாட்டன்."

ஆகஸ்டுச் சட்டம் பரமேஸ்வரிக்குத் தெரியாது. போ.மா. வீட்டில் சொல்லவில்லை. அல்லது மறந்துவிட்டார்.

அவர் போனபின் மகள்: "வாப்பா, அந்த அங்கிள் எழும்பினா ஒங்கட எடம் மிஞ்சும்தானே."

அவளுக்கு நான் அரைகுறையாக ஏதோ சொல்லியிருந்தேன். இவ்வளவு விரைவாகக் கணக்குப் போடுவாள் என்று நினைக்கவில்லை. நான் போடுவதற்கு ஒரு நிமிடம் முந்திவிட்டாள், அவ்வளவுதான்.

ஜூலை 15, சனி

நாலாமிடங்கள் இதுவரை: நான் 6, போ.மா. 5, பிரான்சிஸ் 2, ஹாஜி 1.

ஒரு முன்னேற்றம்: நான் இப்போது எல்லாருடைய வரிசையையும் வாசிக்கிறேன். ஒருவர் ரீச்சி சொன்னால் அவரிடம் ஆபத்தே இல்லாத காய் எது? அவர் தானே முன்பு போட்டது. அதை அவர் ரோன் எடுக்க முடியாது. கையில் அப்படி ஒரு காய் இருந்தால் யோசிக்கவே தேவையில்லை. அடுத்தது, அவர் 4 போட்டிருந்தால் அதே இனத்தில் 1உம் 7உம் ஓரளவு பாதுகாப்பு. இரு பக்க வாசலாகக் காத்திருந்தால் 4உம் வேண்டியிருக்கும், அதைப் போட்டிருக்கமாட்டார். ஓரளவுதான். நம்பிக்கெடக் கூடாது.

மேலும்: முதலாமிடத்துக்கு ஆசைப்படாதே. நாலாமிடத்தைத் தவிர். கடைசிக் கையில் யார் எனக்கு மேலே, யார் கீழே, எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்துவிட்டே முதல் காயைத் தொட வேண்டும்.

இதை வாசித்துப் பார்க்கும்போது நான் நல்ல ஆட்டக்காரன் போல இருக்கிறது.

ஜூலை 17, திங்கள்

போ.மா. மறுபடி. தானே போட்ட எழுத்து 7க்கு ரோன். பிரான்சிஸ் போட்டதுதான் இம்முறையும். தண்டம், நாலாமிடம், துடைப்பு.

ஹாஜி அவர் துடைக்கும்போது ஒரு காயை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். போ.மா. பெட்டியில் அடுக்கினார். ஒரு குழி வெற்று. எண்ணினார். திரும்ப எண்ணினார். மேசைக்குக் கீழே தவழ்ந்து தேடினார். எழுபத்திரண்டு வயது.

"தபால் தொலைஞ்சிட்டா மாஸ்டர்? முறைப்பாடு எழுதுங்க."

பிரான்சிஸ்தான் "ஹாஜி, போதும் மச்சான், குடு" என்றார். நான் இல்லை. நான் வெற்றுக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6, 6. சமம்.

ஜூலை 19, புதன்

இன்று ஒரு விடயம் நடந்தது. வேறு யாருக்கும் தெரியாது.

போ.மா. ரீச்சி. கடைசியாக எடுத்த காயை நடுவில் செருகினார், வட்டங்களுக்குள். அவர் வரிசையில் இரண்டாவதாக வட்டம் 5. என் கையில் வட்டம் 5.

நான் போட்டால் தான் போட்டதை மறந்து ரோன் சொல்லுவார் என்று தெரிந்தது. உப்புத்தண்ணீரில் அடர்த்திமானி எங்கே நிற்கும் என்று போடும் முன்பே தெரிவது போல. சட்டப்படி அது மேசையிலேயே மிகப் பாதுகாப்பான காய். போடத்தான் வேண்டும்.

போடவில்லை. வேறொன்று போட்டேன். ஹாஜி அதை எடுத்தார். பெரிய கை. நாலாமிடம்.

"நானா இண்டைக்கு தாராளம்," என்றார்.

துடைக்கும்போது நல்லவனாக இருந்ததன் சுகம் பத்து நிமிடம் இருந்தது. பிறகு இல்லை. போ.மா. பிளேன்டீயை ஊதிக்கொண்டு "நானா, நீங்கள் கொஞ்சம் கவனமா விளையாட வேணும்" என்றார். அன்பாகத்தான்.

ஜூலை 22, சனி

4, 3. நான் 8, அவர் 6.

இரவு நித்திரை இல்லை. ஆகஸ்டில் திங்கள், புதன், சனி லுஹருக்குப் பின் என்ன செய்வேன் என்று நிரல் எழுதிப் பார்த்தேன்.

1. பள்ளியில் இருக்கலாம்.
2.

ஜூலை 26, புதன்

திங்கள், புதன் சேர்த்து: எனக்கு நாலாமிடம் இல்லை. போ.மா.வுக்கு இரண்டு. 8, 8.

நன்றாக ஆடினேன், தானாகவே. யாருக்கும் எதுவும் செய்யவில்லை. அதைத் தெளிவாக எழுதிவைக்கிறேன்.

மழை போல இருட்டி வந்து கலைந்தது. மகளின் பிள்ளைக்குக் காய்ச்சல், இப்போது குறைவு.

ஜூலை 29, சனி

4, 2. பயம் திரும்பிவிட்டது. நல்ல கை, இரு பக்க வாசல், ஹாஜி ரீச்சி சொன்னதும் கலைத்துவிட்டேன். போயிருந்தால் வென்றிருப்பேன். பிறகு வந்த இரண்டாவது காயே என் காய்.

9, 8.

ஹாஜி தோளில் தட்டினார். "சுனில் புதன்கிழம வாற. நானா, ஒங்கட கதிரைக்கு ஒரு மெத்த தச்சிப் போடச் செல்லியீக்கிறேன். ஒங்களுக்கில்ல."

ஜூலை 31, திங்கள்

முதல் ஆட்டத்தில் போ.மா. நாலு. 9, 9.

இரண்டாவது ஆட்டம், கடைசிக் கை. ஹாஜியும் பிரான்சிஸும் எட்டாத உயரத்தில். போ.மா. மூன்றாமிடம். நான் ஐயாயிரம் குறைவாக நாலாமிடம். ஆட்டத்தை நடத்தும் முறை என்னுடையது. தவறான ரோனுக்கு எட்டாயிரம் தண்டம் விழுந்தால் அதில் பாதி நடத்துபவருக்கு. இந்தக் கணக்கைக் கை தொடங்கும்போதே போட்டுவிட்டேன். ஏன் போட்டேன்? எல்லாக் கணக்கும் போட வேண்டும் என்பது என் விதி. அதனால்தான் என்று சொல்லலாம்.

என் கை குப்பை.

போ.மா. ரீச்சி. எடுத்த காயை வலது ஓரத்தில், மூங்கில்களுக்கு இடையில் செருகினார். 4–5 ஆக இருக்கலாம். 7–8 ஆக இருக்கலாம். இரண்டுக்கும் 6 பொருந்தும். அவர் முன்னால், முதல் வரிசையில், மூன்றாவதாக, மூங்கில் 6.

என் கையில் அவர் போட்டிருந்த காய் இரண்டு: வெள்ளை, மூங்கில் 6. இரண்டும் முழுப் பாதுகாப்பு. வெள்ளையைப் போட்டால் ஒன்றும் நடக்காது. கை முடியும். நான் எழும்புவேன்.

மூங்கில் 6 போட்டேன்.

முழுவதும் எழுத வேண்டும். அதைச் சத்தம் வராமல் மெதுவாக வைத்தேன். அடையாளம் தெரியும்படி அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"ரோன்!" எழும்பியே விட்டார். கையைத் திறந்தார். அழகான கை, 4–5 தான். பிறகு என் பக்கம் திரும்பி, "நானா, மன்னிக்க வேணும். உங்களிட்டை எடுக்க மனமில்லை. வேற ஆராவது போட்டிருக்கலாம்."

ஹாஜி தேக்கரண்டியை எடுத்தார். அதன் நுனியால் மூன்றாவது காயைத் தட்டினார். டக், டக்.

"அப்ப இத ஆர் போட்டது மாஸ்டர்? ஒங்கட பாட்டனா?"

போ.மா. பார்த்தார். "இது நான் போட்டதில்லை."

"ஒங்கட வரிசையில ஈக்கிது."

"இல்லை. ஆரோ வைச்சிருக்கினம். பகிடி விடாதேங்கோ." ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஹாஜி, பிரான்சிஸ். கடைசியாக என்னை. "நானா எழுதிறவர். நானாவிட்டை இருக்கும். நானா, சொல்லுங்கோ. நான் போட்டதோ?"

துண்டுக் காகிதத்தைப் பார்த்தேன். பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"ஓம். மூண்டாவது காய்."

"அப்ப சரி," என்றார். உட்கார்ந்தார். "நானா சொன்னாச் சரி."

துணியை அவரே எடுத்தார். யாரும் சொல்ல முன்பு.

பிரான்சிஸ் பிளேன்டீ குடிக்காமல் போய்விட்டார். ஹாஜி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார், இதுவரை செய்ததில்லை. "கடிச்சிட்டீங்க நானா," என்றார். "மாஷா அல்லாஹ். நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். ரெண்டு காய் வச்சிக்கிட்டு ஒண்ட எடுத்தீங்க."

பிறகு: "நீங்களே அவருக்கு செல்லிடுங்க, இனி வரவேணாண்டு. ஒங்கட கூட்டாளிதானே."

ஆகஸ்ட் 1, செவ்வாய்

எத்தாளை. பஸ்ஸில் நின்றே போனேன்.

சொன்னேன். சட்டம் இது, எண்ணிக்கை இது, பத்துக்கு ஒன்பது. போ.மா. கவனமாகக் கேட்டார், தலையாட்டினார். "நியாயம்தானே. விளையாட்டெண்டால் அப்பிடித்தான்." கோபமில்லை. வெங்காயப் பாத்தி காட்டினார்.

பரமேஸ்வரி கேட்டது ஒன்றே ஒன்று: "கடைசி விளையாட்டு ஆரிட்டைத் தோத்தவர்?"

"புள்ளிக் கணக்கு. எல்லாரிட்டையும்தான்," என்றேன்.

வரும்போது முருங்கைக்காய் தந்தார். வாங்கினேன்.

மீண்டும் யோசித்தேன். எதிராளி தானே போட்ட காயைப் போடு. எல்லாரும் சொல்லும் விதி. எந்த ஆட்டக்காரனும் அதைத்தான் போட்டிருப்பான். யார் கேட்டாலும் சொல்லலாம். யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2, புதன்

சுனில் வந்திருந்தார். மரியாதையானவர், தமிழ் கொஞ்சம் வரும். புது மெத்தை போட்ட கதிரையில் நான்.

இரண்டு மணிக்கு வாசலில் போ.மா. சேவ் எடுத்து, மினுக்கிய சேட்டுடன்.

ஹாஜி என்னைப் பார்த்தார். "நேத்து செல்லல்லையா நானா?"

"சொன்னேன்."

"அப்ப இன்னொருக்கா செல்லுங்க. இங்கேயே செல்லுங்க. நாங்களும் கேக்கிறோம்."

சொன்னேன். சட்டம், எண்ணிக்கை. போ.மா.வுக்கு முதல் முறை. நேற்று இருந்த "நியாயம்தானே" இன்று இல்லை. "ஒருத்தரும் எனக்கு முன்னமே சொல்லேல்லையே," என்றார். சுனில் எழும்பித் தன் கதிரையைக் கொடுக்கப் போனார். ஹாஜி கையைப் பிடித்து இருத்தினார்.

போ.மா. அடுத்த பஸ் வரும்வரை மதிலோரம் வெயிலில் நின்றார். நாங்கள் ஆடினோம். 3, 3.

ஆகஸ்ட் 5, சனி

காற்று மறுபடி பலம். காய்கள் கையில் ஒட்டுகின்றன.

அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். ஹாஜிக்கும் தெரியும், இரண்டு மணிக்கு முன்பே வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். "எத்தன தரம் செல்லலாம் பாப்போம்."

வந்தார். அதே சேட்டு. சொல்வதற்காக எழும்பினேன். வாய் திறக்கும் முன் அவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். நான் எழும்பி நிற்பதை. பிறகு சுனிலை. புது ஆள்.

"நானா," என்றார் மெல்ல, "ஆரோ எழும்ப வேணுமெண்டு கதைச்சவை. நீங்களோ?"

பிரான்சிஸ் காயை உருட்டுவதை நிறுத்தினார்.

"ஓம்," என்றேன். "நான்தான்."

"நினைச்சனான். போன சனிக்கிழமையே உங்கட முகம் சரியில்லை." என் கையைப் பிடித்தார். கை குளிர்ந்திருந்தது. "ஹாஜியார், இது சரியில்லை. நானாவுக்கு இதை விட்டா வேற என்ன இருக்குது? என்ர இடத்தை அவருக்குக் குடுங்கோ. எனக்கு வீட்டில மனுசி இருக்கிறா. எனக்குக் காரியமில்லை."

ஹாஜியின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. இத்தனை மாதத்தில் முதல் முறை.

"இருங்கோ நானா. வெக்கப்படாதேங்கோ." தோளை அமுக்கி என்னை அந்த மெத்தைக் கதிரையில் இருத்தினார். "நான் பின்னால நிண்டு பார்க்கிறன். கண்டபடி கலைச்சுப்போடாதேங்கோ, ஆ?"

இருந்தேன்.

இரண்டு ஆட்டமும் முடியும்வரை அவர் பின்னால் நின்றார். கதிரை முதுகில் அவர் விரல்கள். ஒரு முறை ஹாஜி ரீச்சி சொன்னபோது என் கை கலைக்கப் போனது, அந்த விரல்கள் இருப்பது தெரிந்தது, கலைக்கவில்லை. வந்தது என் காய்.

முதலாமிடம். இரண்டாவதிலும் முதலாமிடம். போ.மா. கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

பஸ்வரை கொண்டுபோய் விட்டேன். புதன்கிழமையும் வந்து பின்னால் நிற்கச் சொன்னேன். ஓம் என்றார்.